22 வார இன்டர்ன்ஷிப்: லாக் புக்கா, தேர்வா, சீனியர் சிஸ்டரா, கற்றல் உடன்பாடா?

பி.எஸ்சி. நர்சிங்கில் எட்டாவது செமஸ்டர் வந்ததும் வகுப்பறை காலியாகிவிடும். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த பாடத்திட்டப்படி அந்த செமஸ்டர் இன்டர்ன்ஷிப்புக்கானது. மொத்தம் 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். பெரியவர்களுக்கான வார்டுகளில் 6 வாரம். சமூக நலம், குழந்தைகள், மனநலம், பேறுகாலம் ஆகிய நான்குக்கும் தலா 4 வாரம். அது முடிந்து தேர்ச்சியும் வந்துவிட்டால் அந்தப் பிள்ளை தனியாக டியூட்டி பார்க்கும் நர்ஸ். அதற்குப் பிறகு "மேடம், ஒரு தடவை பக்கத்துல நில்லுங்க" என்று கேட்க ஆள் இருக்காது.

தருமபுரியில் நர்சிங் மாணவிகளுக்கு க்ளினிக்கல் ஆசிரியராக இருக்கிறேன். இந்த 22 வாரத்தை எதை வைத்து நடத்துவது என்று எங்களுக்குள் பேச்சு வந்தபோது நான்கு யோசனைகள் வந்தன. செய்த வேலைகளைக் குறித்து ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் லாக் புக்கே போதும் என்றார் ஒருவர். ஓஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு வைத்துவிடலாம் என்றார் இன்னொருவர். வார்டில் அனுபவமுள்ள சிஸ்டர் ஒருவரோடு ஒவ்வொரு பிள்ளையையும் சேர்த்துவிட்டால் தானாகக் கற்றுக்கொள்வார்கள் என்பது மூன்றாவது. நான்காவது, வெளிநாடுகளில் நர்சிங்கிலும் பிசியோதெரபியிலும் பல வருடமாகப் பயன்படுத்தும் லேர்னிங் கான்ட்ராக்ட், அதாவது எதை எப்படிக் கற்பது என்று மாணவரும் ஆசிரியரும் எழுதிக் கையெழுத்துப் போடும் தாள். நான்கையும் ஏதோ ஓர் அளவில் நான் செய்து பார்த்திருக்கிறேன். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இருக்கும் ஆசிரியர்களும் இதே முடிவை எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் லாக் புக். இதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. கவுன்சில் கேட்கிறது, பல்கலைக்கழகத் தேர்வுக்கு வேண்டும், இன்ஸ்பெக்‌ஷனில் பார்ப்பார்கள். கட்டாயம் என்பதால் மட்டும் சொல்லவில்லை, அதில் உண்மையான பயனும் இருக்கிறது. இத்தனை ஊசி, இத்தனை கதீட்டர், இத்தனை பிரசவம் என்று எண்ணிக்கை இல்லாவிட்டால், கூச்சமுள்ள ஒரு பிள்ளை நாலு வாரம் லேபர் வார்டில் ட்ராலி அடுக்கியும் பிரஷர் பார்த்துமே கழித்துவிடும். யாருக்கும் தெரியாது. எல்லாரும் எல்லாவற்றையும் ஒருமுறையாவது தொட்டிருக்க வேண்டும் என்பதை லாக் புக் பார்த்துக்கொள்கிறது.

அது எங்கே நின்றுவிடுகிறது என்று எனக்குப் புரிந்தது ஒரு கிராமத்தில். நம் மாவட்டத்தில் பல்லில் பழுப்புக் கறையோடு இருக்கும் பிள்ளைகளைப் பார்க்காத சமூக நல போஸ்டிங்கே கிடையாது. போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே இதற்காகத்தான். ஒரு மாணவி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நல்ல தெளிவாகப் பேசினாள், படம் காட்டினாள், கடைசியில் "தண்ணியை நல்லா காய்ச்சிக் குடிங்க அக்கா, சரியாயிடும்" என்று முடித்தாள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிப் போகப்போக மிச்சத்தில் ஃப்ளூரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். அவளுடைய லாக் புக்கைப் பார்த்தேன். சுகாதாரக் கல்வி என்ற தலைப்பில் அத்தனை கட்டமும் நிரம்பியிருந்தது, அத்தனையிலும் ஆசிரியர் கையெழுத்து. அதில் சில என்னுடையவை. கடைசி வாரத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. அதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது. அவள் பேசினாளா என்று அந்தக் கட்டம் கேட்டது. என்ன பேசினாள் என்று கேட்கவில்லை.

ஓஸ்கியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் கொண்டுவந்த முறை. ஸ்டேஷன் ஸ்டேஷனாக மேஜை, ஒவ்வொன்றிலும் சில நிமிடம், எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே செக்லிஸ்ட். பாரபட்சத்துக்கு இடம் குறைவு. தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளை என்ற பார்வை மதிப்பெண்ணில் ஏறாது. இதற்காகவே எனக்கு அது பிடிக்கும். ஆனால் 1990இல் ஜார்ஜ் மில்லர் நாலு படி சொன்னார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்ட முடியும், உண்மையில் செய்கிறார். ஓஸ்கி மூன்றாம் படியோடு நின்றுவிடுகிறது. தேர்வில் நோயாளிக்குப் பதிலாக வைக்கும் பொம்மைக்கு வலிக்காது, பொம்மையின் மாமியார் பக்கத்தில் நின்று சத்தம் போடமாட்டார். அதோடு இது கற்றதை அளக்கிற கருவி. 22 வாரம் நடக்கும்போது தினமும் வழிகாட்டுகிற வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. போஸ்டிங்குக்கு அனுப்பும் முன் ஒருமுறை வைத்தால் நல்லது, யாரை எந்த வார்டில் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

சீனியர் சிஸ்டரோடு சேர்த்துவிடுவது எனக்கு நெருக்கமான வழி, ஏனென்றால் நான் அப்படித்தான் கற்றேன். பேறுகாலத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வரும் தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் போடுகிறோம். அடுத்த டோஸ் போடும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முட்டியைத் தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையாமல் இறங்குகிறதா. மருந்து மிஞ்சிப் போனால் மாற்று மருந்தாக கால்சியம் குளுக்கோனேட் தயாராக இருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் இதைத் தேர்வில் எழுதுவார்கள். ஆனால் இருபது வருட அனுபவமுள்ள ஓர் அக்கா, மருந்தை உறிஞ்சும் முன்பே கை தானாகத் தாயின் முட்டிக்குப் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை அதை ஆயுசுக்கும் விடாது. இந்தப் பாடத்தை எந்தத் தாளும் கொடுக்காது.

இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம் என்பதுதான் சிக்கல். நல்ல அக்கா கிடைத்தால் நல்ல நர்ஸ். அவசரத்தில் கையுறை மாற்றாத அக்கா கிடைத்தால் அதுவும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அப்புறம், இந்த மாவட்டங்களில் ஒரு டியூட்டி சிஸ்டருக்கு எத்தனை படுக்கை என்று நமக்கே தெரியும். இரவு டியூட்டியில் ஒருவரே வார்டு முழுக்க ஓடும்போது, "இந்தப் பொண்ணுக்கும் சொல்லிக்கொடுங்க சிஸ்டர்" என்று நாம் கேட்பது இன்னொரு வேலையை அவர் தலையில் வைப்பது. பல இடங்களில் பிள்ளைகள் கூடுதல் கையாகத்தான் பயன்படுகிறார்கள். சிஸ்டர்மேல் குற்றம் இல்லை. இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த வெற்றிடத்தில்தான் நான்காவது வழியின் பயனைப் பார்த்தேன். இதைப் பெரிய அளவில் பரப்பியவர் மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர், 1970களிலும் 80களிலும். வளர்ந்தவர்கள் தங்களுக்குத் தேவை என்று தாங்களே உணர்ந்ததைத்தான் ஆழமாகக் கற்பார்கள் என்பது அவருடைய நிலைப்பாடு. அதன்படி மாணவரும் ஆசிரியரும் உட்கார்ந்து ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதுகிறார்கள். நான் எதைக் கற்கப் போகிறேன்? யாரிடம், எதன் மூலம் கற்பேன்? எந்தத் தேதிக்குள்? கற்றுவிட்டேன் என்பதற்கு எதைக் காட்டுவேன்? அது போதுமா என்று யார், எந்த அளவுகோலால் சொல்வார்கள்? இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். நடுவில் தேவைப்பட்டால் பேசி மாற்றிக்கொள்கிறார்கள்.

பெயரிலேயே ஒரு தடை வந்தது. முதல் முறை "கற்றல் ஒப்பந்தம்" என்று தலைப்புப் போட்டுக் கொடுத்தபோது ஒரு பிள்ளை, "அப்பாவைக் கேட்டுட்டு கையெழுத்துப் போடட்டுமா மேடம்?" என்றாள். யோசித்தால் அவள் கேட்டது நியாயம். நம் ஊரில் நர்ஸ் என்ற சொல்லுக்கு முன்னால் ஒப்பந்தம் என்று வந்தால் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்துக்கொண்டு பணி நிரந்தரத்துக்காகப் போராடுகிற அக்காக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அல்லது சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாண்ட். அடுத்த முறை "கற்றல் உடன்பாடு" என்று மாற்றினேன், ஆசிரியர் என்ன செய்வார் என்பதையும் அதே தாளில் எழுதி நான் முதலில் கையெழுத்துப் போட்டேன். தயக்கம் பாதி குறைந்தது.

ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் மற்ற மூன்று வழிகளிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்று தெரியும். காட்டிலும் வயலிலும் வேலை பார்க்கிறவர்கள் நிறைந்த ஊர் இது, பாம்புக்கடி கேஸ் வராத மாதம் அபூர்வம். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனைக்குப் படுக்கையருகில் ஒரு கண்ணாடிக் குழாய் போதும். ஒரு மாணவி தன் உடன்பாட்டில் "பாம்புக்கடி நோயாளியைக் கவனிக்கக் கற்பேன்" என்று எழுதி வந்தாள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அவ்வளவு அகலம். நாங்கள் பேசிப் பேசி இப்படிச் சுருக்கினோம்: புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுப்பது, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பது, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது, முடிவை நேரத்தோடு எழுதி டாக்டரிடம் சொல்வது. பிளாஸ்டிக் குழாய் ஏன் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் உறைய வேண்டிய ரத்தமும் உறையாமல் ஏமாற்றலாம் என்பது ஏன், என்று டியூட்டி சிஸ்டர் கேட்டால் பதில் சொல்வது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். கட்டுவிரியன், நல்ல பாம்பு கடித்தவருக்கு ரத்தம் ஒழுங்காக உறைந்துகொண்டிருக்கும்போதே கண் இமை சரியத் தொடங்கும். ஆகவே சோதனை சரியாக வந்தது என்று நிம்மதியாகப் போய்விடக் கூடாது என்பதையும் அவளே கடைசி வரியாகச் சேர்த்தாள். லாக் புக்கில் இதே வேலைக்கு "ரத்த மாதிரி எடுத்தல்" என்று ஒரு கட்டம்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொரு பிள்ளையின் தாள். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் போஸ்டிங் போனால் கன்னடமும் தெலுங்கும் மட்டும் பேசும் தாய்மார் வருவார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். எந்தப் பாடத்திட்டத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. அவள் முதல் இலக்காக எழுதினாள்: "கன்னடம் மட்டும் தெரிந்த தாயிடம் வலி எங்கே என்று கேட்டு, பால் கொடுக்கும் முறையை, அவர் கூட வந்தவர் உதவி இல்லாமல் விளக்குவேன்." யாரிடம் கற்பாய் என்ற கேள்விக்கு, அந்த வார்டில் வேலை பார்க்கும் ஓர் ஆயா அம்மாவைப் போட்டிருந்தாள். நோவு என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொது, "எல்லி நோவு" என்று கேட்டாலே பாதி வழி திறந்துவிடும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சான்று என்ன? விளக்கி முடித்த பின் அந்தத் தாய் தானாகக் குழந்தையைச் சரியாகப் பிடித்து, வாய் அகலத் திறந்து பால் குடிக்க வைத்துக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் இன்சார்ஜ் சிஸ்டர். ஒரு பிள்ளைக்கு அந்த வார்டில் என்ன குறை என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் தெரியும். மற்ற மூன்று வழிகளும் அதை அவளிடம் கேட்பதே இல்லை. நான் இதன் பக்கம் சாய்வதற்கு இதுவே காரணம்.

சரி, விலை என்ன? நேரம்தான். தொடக்கத்தில் 20 நிமிடம், நடுவில் 10 நிமிடம், முடிவில் 20 நிமிடம் என்று வையுங்கள். கவுன்சில் சொல்லும் விகிதம் 10 மாணவருக்கு ஓர் ஆசிரியர். 10 பேருக்கு 500 நிமிடம், அதாவது நாலு வார போஸ்டிங்குக்கு 8 மணி 20 நிமிடம். விகிதம் தாளில் மட்டும் இருக்கிற கல்லூரியில், ஒருவர் 20 பேரைப் பார்க்கிறார் என்றால் இரண்டு முழு வேலை நாளுக்கு மேல். அந்த நேரத்தை நிர்வாகம் டியூட்டியாகக் கணக்கில் எடுக்காவிட்டால் தொடங்காதீர்கள். நேரமில்லாமல் நடத்தும் உடன்பாடு இன்னொரு ரெக்கார்டு நோட்டாகிவிடும். அதை நானே பார்த்தேன். இரண்டாவது பேட்சில் எனக்கு வேலை கூடிப்போய் நடுவில் சந்திக்கவில்லை. முடிவில் வந்த தாள்களில் பாதி, முந்தைய பேட்ச் அக்காவின் தாளைப் பார்த்து எழுதியவை. கையெழுத்து மட்டும் வேறு.

மதிப்பெண் இன்னொரு பெரிய விஷயம். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணை என் கையில் வைத்துக்கொண்டு, "உனக்கு எது தெரியாது, எழுது" என்று கேட்டால் எந்தப் பிள்ளை உண்மையை எழுதும்? தெரிந்ததையே இலக்காக எழுதி, எளிதாக முடித்துக்காட்டுவார்கள். நான் வந்து சேர்ந்த இடம்: இலக்கை எட்டியதற்கு மதிப்பெண் கிடையாது, எட்டாததற்குக் குறைப்பும் கிடையாது. இதில் எல்லா ஆசிரியர்களும் என்னோடு ஒத்துப்போகவில்லை. மதிப்பெண் இல்லாததை நம் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம், அதில் உண்மை இல்லாமலும் இல்லை. இருந்தாலும் பயந்து எழுதின தாளைவிடப் பாதி எழுதின உண்மையான தாள் எனக்குப் போதும்.

கேஸ் வராமல் போவதும் நடக்கும். அந்த மாதம் பாம்புக்கடியே வராவிட்டால் என்ன செய்வது என்று முதலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். வார்டு சிஸ்டர்களுக்கும் முதல் நாளே அந்தத் தாளின் நகல் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால், "உங்க காலேஜ் பிள்ளைங்க என்னமோ பேப்பர் நீட்டுறாங்க" என்று நியாயமாகவே கோபப்படுவார்கள். தேர்ச்சி குறைவான பிள்ளைக்கு மட்டும் உடன்பாடு என்று தொடங்குவதையும் தவிர்க்கச் சொல்வேன். சில இடங்களில் அப்படித்தான் தொடங்குகிறார்கள், பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிட. நோக்கம் நல்லதே. ஆனால் ஹாஸ்டலில் மறுநாளே அதற்கு மெமோ என்று பெயர் வந்துவிடும். அப்புறம் நன்றாகப் படிக்கிற பிள்ளை அதைத் தொடாது.

இப்போது முடிவுக்கு வருகிறேன். முதல் வருடப் பிள்ளைகளுக்கு உடன்பாடு வேண்டாம். படுக்கை விரிக்கவே கற்கிறவரிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பது அவரைத் தவிக்க விடுவது. அங்கே ஆசிரியர் செய்து காட்டும் டெமோ, பிள்ளை திரும்பச் செய்து காட்டும் ரிட்டர்ன் டெமோ, செக்லிஸ்ட் போதும். இரண்டாம், மூன்றாம் வருடத்தில் ஏதாவது ஒரு போஸ்டிங்கில் ஒரே ஒரு இலக்கோடு பழக்கலாம். இறுதி 22 வாரத்துக்கு லாக் புக் இருக்கட்டும், அதன்மேல் ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் ஒரு பக்க உடன்பாடு, இரண்டு இலக்குக்கு மேல் வேண்டாம். முதல் இலக்கு நான் லாக் புக்கைப் பார்த்து அவளோடு பேசி வைப்பது, இரண்டாவது முழுக்க அவளுடையது. சீனியர் சிஸ்டரைத் தனி வழியாகப் பார்க்காமல், "யாரிடம் கற்பேன்" என்ற இரண்டாவது கேள்விக்குப் பதிலாக அந்தத் தாளுக்குள் கொண்டுவந்துவிடலாம். அப்போது அவருக்கும் இந்தப் பிள்ளையிடம் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும். உங்களுக்கு ஆள் போதாது, எதையாவது ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், எல்லா வார்டிலும் அரைகுறையாகச் செய்யாமல் ஒரே ஒரு போஸ்டிங்கில் ஒழுங்காகச் செய்யுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் இதே தாள் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் அவர்கள் வேலைப்பளு வேறு, அதை அங்கே இருக்கிறவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

நாங்கள் சமூக நல போஸ்டிங்கிலிருந்து தொடங்குகிறோம். வார்டில் எப்படியும் நாலு கண் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும், கிராமத்தில் வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் அவள் மட்டும்தான். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில். அன்றிலிருந்து வீட்டுக்குப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கும் வேலை இங்கே கூடியிருக்கிறது, எங்கள் பிள்ளைகளும் அந்தக் குழுவோடு போகிறார்கள். அடுத்த பேட்சில் ஒரு மாணவி தன் இரண்டாவது இலக்கை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டாள்: "பிரஷர் பார்க்கப் போகும் வீட்டில், மாமியாரை வருத்தப்பட வைக்காமல், 19 வயசு மருமகளிடம் தனியாகப் பத்து நிமிடம் பேச இடம் கேட்கக் கற்பேன்."

சான்று என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். "இதை எப்படி மேடம் காட்டுறது?" என்றாள். எனக்கும் உடனே தெரியவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். கடைசியில், கூட வரும் கிராம சுகாதார செவிலியர் திண்ணையில் மாமியாரோடு பேசிக்கொண்டே கவனிப்பார், திரும்பி வரும் வழியில் அவளிடம் நேராகச் சொல்வார் என்று எழுதினோம். அதோடு, அடுத்த வாரம் அதே வீட்டுக்குப் போகும்போது மாமியார் உள்ளே வரச் சொல்கிறாரா என்று பார்ப்பது. இந்த இரண்டாவது வரியை அவள்தான் சேர்த்தாள்.